புளூரைடு அளவும் மடக்கையும்: இடைவெளி எந்தச் சராசரிக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிடுக்கில் ஊறும் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கெனவே வந்ததும் இப்பகுதியினர் அறிந்தவையே. இந்தியத் தரநிலை குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. புளூரைடை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடங்களில் மட்டும் 1.5 மி.கி. வரை விட்டுக்கொடுக்கிறது.

இத்தகைய அளவீடுகள் ஒருபக்கம் சாய்ந்தவை. பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகள் குறைந்த அளவைக் காட்ட, ஓரிரண்டு மட்டும் பன்மடங்கு எகிறி நிற்கும். இவற்றுக்கு வழக்கமான முறையில் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மைச் சராசரி இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லைகள், கணித்தால், மாதிரி சிறிதாக இருக்கும்போது கீழ் எல்லை சுழிக்கும் கீழே போய்விடக்கூடும்; எதிர்மறைப் புளூரைடு எந்தக் கிணற்றிலும் இல்லை. ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் இயல் மடக்கை (e-ஐ அடிமானமாகக் கொண்ட log) எடுக்கிறார்கள். மடக்கைகள் ஏறத்தாழச் சமச்சீராகப் பரவுவதால் பழைய சூத்திரமே போதும்.

கற்பனையாக 25 கிணறுகளைக் கொள்வோம்: மடக்கைகளின் சராசரி 0.20, அவற்றின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 0.80. சராசரியின் ஐயத்தைக் காட்டும் திட்டப் பிழை 0.80-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்த 0.16. 24 வரையற்ற பாகைகளுக்கு (கிணறுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) உரிய, அட்டவணையில் உள்ள t மதிப்பான 2.064-ஆல் பெருக்கினால் 0.33, ஆக 95 விழுக்காட்டு இடைவெளி −0.13 முதல் 0.53 வரை. இவற்றை e-இன் அடுக்காக ஏற்றி மடக்கையிலிருந்து மீட்டால் 0.88 முதல் 1.70 மி.கி.; நடுவில் 1.22.

பலர் இங்கேயே நிறுத்தி, இதைச் சராசரிப் புளூரைடு என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மீட்டுக் கிடைத்தது பெருக்கல் சராசரி, அதாவது 25 அளவுகளையும் பெருக்கி 25-ஆம் மூலம் கண்டது. மடக்கைகள் சமச்சீரானவை என்றால் அதுவே இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) ஆகும். எல்லா அளவுகளையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும் கூட்டுச் சராசரி வேண்டுமென்றால், பரவற்படியின் (திட்ட விலக்கத்தின் வர்க்கம், 0.64) பாதியை, அதாவது 0.32-ஐ, முதலில் மடக்கைகளின் சராசரியோடு கூட்ட வேண்டும்: 0.52-ஐ மீட்டால் 1.68. அதன் திட்டப் பிழையில் பரவற்படியை மதிப்பிட்டதன் ஐயமும் சேர்கிறது, 0.64-ஐ 25-ஆல் வகுத்ததோடு, 0.64-இன் வர்க்கத்தை 24-இன் இருமடங்கான 48-ஆல் வகுத்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டால் 0.185. அதே t மதிப்பைக் கொண்டு கணித்தால் இடைவெளி ஏறத்தாழ 1.15 முதல் 2.46 வரை விரிகிறது. ஒரே தரவில் ஒரு சராசரி 1.5-க்குக் கீழே, மற்றொன்று மேலே!

எது நமக்கு வேண்டியது என்பதைத் தண்ணீர் போகும் வழிதான் தீர்மானிக்கும். 25 கிணறுகளும் சம அளவில் ஒரே மேல்நிலைத் தொட்டியை நிரப்பினால், தெருக்குழாயில் வருவது கூட்டுச் சராசரியே. அவரவர் ஊர்க் கைப்பம்பில் பிடித்துக் குடித்தால், பாதிக் கிணறுகள் எந்த அளவைத் தாண்டுகின்றன என்பதற்கு இடைநிலையே விடை.

ஆய்வகம் சுழி என்று குறித்த மாதிரிக்கு மடக்கை கிடையாது. எல்லா மதிப்புகளோடும் 1 கூட்டிச் சமாளிப்பது, அளவுகளே 1-ஐச் சுற்றி இருக்கும் இத்தரவில் விடையையே மாற்றிவிடும். கருவி கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவைக் கேட்டு வாங்கி, அந்த மாதிரியை அதற்குக் கீழ்ப்பட்டது என்றே கணக்கில் கொள்ளும் முறையைக் கையாள்வதே சரி.