அந்த நூறு தாலந்து என்னாவது?

ஊழியத்துக்கு வந்த புதிதில், ஆலோசனைக்கு வருகிறவர்கள் அதிகமாகச் சொல்லப்போவது "நான் பாவி" என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். 20 வருஷங்களுக்கு மேலாக நான் அதிகம் கேட்டது வேறொன்று: "எனக்கு இன்னும் தெளிவு வரலை, ஐயா. ஜெபத்தில் வைத்திருக்கிறேன்."

சிலருக்கு உண்மையிலேயே தெளிவு தேவைப்படுகிறது. எந்த வேலையை ஏற்பது, எங்கே குடியேறுவது போன்ற கேள்விகளுக்கு வேதத்தில் நேரடியான பதில் கிடையாது. காத்திருப்பதில் தவறும் இல்லை. அவர்களைப் பற்றி நான் எழுதவில்லை. பதில் தெரிந்திருந்தும் வருஷக்கணக்கில் தெளிவு கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவருடைய சம்மதமும் உண்டு. சபையிலேயே வளர்ந்தவர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். நண்பரோடு கூட்டாக ஒரு தொழில் செய்துவந்தார். அதில் இரண்டு கணக்குகள் இருந்தன, அதிகாரிகளுக்குக் காட்ட ஒன்று, உண்மையானது ஒன்று. 14 வருஷங்களாக அப்படித்தான். "இந்தத் தொழிலில் நான் தொடர்வது தேவசித்தமா?" என்று கேட்டு வந்தார். எனக்கு முன்னால் நான்கு போதகர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஒருவர் உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தார், இன்னொருவர் வாக்குத்தத்த வசனம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார்.

"இன்று இரவு ஆண்டவர் உங்களோடு சத்தமாகவே பேசினால் என்ன சொல்வார்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "விட்டுவிடு என்பார்."

அப்புறம் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. கடைசியில் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "14 வருஷம் போட்ட உழைப்பு, ஐயா. அது என்னாவது?"

அன்று நான் அவருக்கு வாசித்துக் காட்டியது 2 நாளாகமம் 25ஆம் அதிகாரம். அமத்சியா என்ற யூதாவின் ராஜாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 25 வயதில் அரசனாகி 29 வருஷம் ஆண்டவன். அவனைப் பற்றி வேதம் எழுதும் முதல் மதிப்பீடே என்னை நிறுத்திவிடும்: "அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான்; ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை." கெட்ட ராஜாக்களின் வரிசையில் அவனை வைக்க முடியாது. நல்லதைத்தான் செய்தான், முழுமனதுதான் இல்லை.

ஏதோமோடு யுத்தம் பண்ண அவனிடம் யூதாவிலும் பென்யமீனிலும் எண்ணிச் சேர்த்த 3 லட்சம் பேர் இருந்தார்கள். அது போதாதென்று வடக்கே தனி ராஜ்யமாக இருந்த இஸ்ரவேலிலிருந்து இன்னும் 1 லட்சம் வீரர்களை நூறு தாலந்து வெள்ளி கொடுத்துக் கூலிக்கு அமர்த்தினான். நம் கணக்கில் ஏறக்குறைய 3 டன் வெள்ளி. பணம் கைமாறிவிட்ட பிறகு தேவனுடைய மனுஷன் ஒருவன் வந்து, அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு போகாதே என்கிறான். ராஜா மறுக்கவில்லை, விவாதிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: அப்படியானால் நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது?

இது அவிசுவாசியின் கேள்வி அல்ல. கர்த்தர் சொல்வதுதான் சரி என்று தெரிந்தவன், கையிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட பணத்தை நினைத்துக் கேட்கும் கேள்வி. என் அறையில் அது பல வேஷங்களில் வருகிறது. "அஞ்சு வருஷம் பழகிட்டோமே, ஐயா." "வீட்டில் எல்லார்கிட்டேயும் இதைத்தானே சொல்லியிருக்கேன்." "இந்தப் பேரைச் சம்பாதிக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?" ஆவிக்குரிய தடுமாற்றம் என்று நாம் சொல்வதைப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரையில் அது ஒரு முதலீடு. வேறொரு இடத்தில் நூறு தாலந்தைக் கட்டி வைத்திருக்கிறோம், அதை விட மனம் வரவில்லை.

தேவனுடைய மனுஷனின் பதில் மிகவும் சுருக்கமானது: அதைப்பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் உனக்குக் கொடுக்கக்கூடும். ராஜாவும் கேட்டான், படையை அனுப்பிவிட்டான். இதோடு நிறுத்தினால் அருமையான சாட்சிக் கதை. ஆனால் வேதம் நிறுத்துவதில்லை. அனுப்பப்பட்ட அந்த வீரர்கள் கோபத்தோடு திரும்பிப் போகையில் யூதாவின் பட்டணங்களில் 3000 பேரைக் கொன்று கொள்ளையடித்தார்கள். கீழ்ப்படிந்ததற்குக் கிடைத்த பலன் இதுதானா என்று அமத்சியா நினைத்திருப்பானோ என்பது என் ஊகம். யுத்தத்தில் அவனுக்கு ஜெயம் கிடைத்தது உண்மை. ஆனால் தோற்றுப்போன ஏதோமியரின் தெய்வங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றின் முன்னால் பணிந்து தூபம் காட்டினான்! தன் ஜனங்களையே காப்பாற்ற முடியாத தெய்வங்களை ஏன் நாடினாய் என்று தீர்க்கதரிசி கேட்டபோது, உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தது யார் என்று அவன் வாயை அடைத்தான்.

ஒரு பெரிய கீழ்ப்படிதலைச் செய்து முடித்தவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நூறு தாலந்தை விட்டுக்கொடுத்த அதே மனுஷன், மனதில் ஓர் அறையை மட்டும் காலியாகவே வைத்திருந்தான். காலியான அறைக்கு யாராவது குடிவந்துவிடுவார்கள்.

கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி பாகாலின் தீர்க்கதரிசிகளை எதிர்த்து நின்ற காட்சி பலருக்கும் தெரிந்தது, அதனால் ஒன்றிரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்" என்று எலியா கேட்கிறார். குந்துவது என்றால் இன்று பலருக்கு உட்காருவதுதான் ஞாபகம் வரும். இங்கே அதன் பொருள் நொண்டுவது. சில வசனங்கள் தாண்டி, பாகாலின் தீர்க்கதரிசிகள் பலிபீடத்தைச் சுற்றிக் குதித்தார்கள் என்று வருகிறதே, எபிரெயத்தில் அங்கேயும் இதே வினைச்சொல்தான். இரண்டு பக்கமும் நொண்டுகிற ஜனங்களும், பலிபீடத்தைச் சுற்றித் துள்ளுகிற தீர்க்கதரிசிகளும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

கானானியர் பாகாலை மழையின் தெய்வமாக வணங்கினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வானம் பார்த்து விவசாயம் செய்கிற ஜனத்துக்கு அவனை விடுவது வயிற்றுப்பாட்டோடு மோதுகிற விஷயம். கர்த்தரை அவர்கள் வெறுக்கவில்லை; மழைக்காக இன்னொரு ஏற்பாட்டையும் கையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்றரை வருஷம் மழை பெய்யாமல் அந்த ஏற்பாடு பொய்த்துப்போன பிறகும், எலியாவின் கேள்விக்கு "ஜனங்கள் பிரதியுத்தரமாக அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை." அந்த மௌனத்தை நான் என் அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சரி, இங்கே ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சந்தேகம் வேறு, இருமனம் வேறு. தாயைப் பறிகொடுத்த ஒரு சகோதரி என்னிடம் வந்தார். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, கடவுள் கேட்கிறாரா என்றே தெரியவில்லை என்றார். உறவினர்கள் அவரிடம் "நீ முழுசா ஒப்புக்கொடுக்கலை, அதான்" என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கேட்கவே வேதனையாக இருந்தது. அவர் எதையும் ஒளித்துவைக்கவில்லை. துக்கத்தில் இருந்தார், அவ்வளவே. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை இயேசு இருமனமுள்ளவன் என்று தள்ளவில்லை. அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார். அரைகுறை விசுவாசத்தை முழுவதுமாகக் கொண்டுவந்து கொட்டுவதும் முழுமனதுதான்.

இன்னும் சிலருக்கு, "நான் சரியாக ஒப்புக்கொடுத்தேனா" என்ற எண்ணம் நாளெல்லாம் திரும்பத்திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பார்கள், மறுநாள் காலையில் பயம் மறுபடி வந்துவிடும். அவர்களிடம் இன்னொரு அர்ப்பணிப்பு ஜெபத்தைக் கேட்பது காயத்தைக் கீறுவதற்குச் சமம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன், நானும் கூடவே இருக்கிறேன். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

இருமனத்துக்கு உண்மையான உதாரணம் வேண்டுமானால் அப்போஸ்தலர் 24இல் வரும் தேசாதிபதி பேலிக்ஸ். அவனுடைய காவலில் இருந்த அப்போஸ்தலன் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது அவன் பயந்துபோனான். அதாவது, வார்த்தை உள்ளே போய்விட்டது. "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான். இதற்கப்புறம் நடந்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை: அவன் பவுலை அடிக்கடி அழைத்துப் பேசினான். லஞ்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. இப்படியே 2 வருஷம் போனது. பதவி மாறிப் போகும்போது யூதரைத் திருப்திப்படுத்தப் பவுலைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

உலகத்தின் மிகச் சிறந்த பிரசங்கியை 2 வருஷம் தனியாகக் கேட்டிருக்கிறான்! முதல் நாள் வந்த பயம் மறுபடி வந்ததாக எழுதப்படவில்லை. நம் கைப்பேசியில் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் ஒரு பிரசங்கம், பயணத்தில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. கேட்பது நல்லதுதான். ஆனால் செய்யவேண்டியது தெரிந்த பிறகும் இன்னொரு பிரசங்கத்தைத் தேடுகிறோம் என்றால், கேட்பதையே செய்வதற்குப் பதிலாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முழுமனதுள்ள சீஷத்துவம் என்றதும் பலர் "வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரவேண்டுமா?" என்று பயப்படுகிறார்கள். அநேகருக்கு வேண்டியதில்லை. லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து விடுதலையானவன் இயேசுவோடேயே இருக்க வேண்டிக்கொண்டான். அவரோ அவனை வீட்டுக்கு, சொந்த ஜனத்தாரிடம் அனுப்பினார். என்ன செய்யவேண்டும் என்று கேட்ட ஆயக்காரரிடம், அதாவது வரி வசூலிப்பவர்களிடம், யோவான் ஸ்நானன், கட்டளையிட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். அதே நாற்காலி, நேர்மையான கை. அது பல சமயம் வேலையை விடுவதைவிடக் கடினம்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். முழுமையான அர்ப்பணிப்பு என்ற பெயரில் உங்கள் சம்பளம், திருமணம், உறவுகள் எல்லாவற்றிலும் தன் சொல்லே கடைசிச் சொல் என்று ஒரு ஊழியர் கேட்டால் விலகி வந்துவிடுங்கள். கிறிஸ்துவுக்குக் கொடுக்கவேண்டிய இடத்தை வாங்கிக்கொள்ள போதகருக்கு உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

மெதுவாக வருகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் யூத அதிகாரியான நிக்கொதேமுதான் எனக்கு ஆறுதல். முதலில் இயேசுவிடம் இரவில் வந்தார். யோவான் 7இல் ஆலோசனை சங்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், மற்றவர்கள் அதட்டியதும் அடங்கிப்போனார். 19இல் இயேசு மரித்துவிட்டார், சீஷர்கள் சிதறிப்போனார்கள், பின்பற்றுவதால் கிடைப்பது எதுவுமே இல்லாத நேரம். அப்போதுதான் அடக்கத்துக்கான வாசனைப் பொருள்களாகிய வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல் கலந்து எடுத்துக்கொண்டு எல்லாரும் பார்க்க வருகிறார். யூதருக்குப் பயந்து அந்தரங்க சீஷனாக இருந்த அரிமத்தியா யோசேப்போடு சேர்ந்துகொள்கிறார். அவ்வளவு எடையை ஒளித்துக்கொண்டு வரமுடியாது.

அதனால் நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவே சொன்னார். ஆகவே கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு தாளில் "இவரைப் பின்பற்றினால் நான் இழக்கப் பயப்படுவது" என்று தொடங்கி முடிக்கச் சொல்வேன். பெரும்பாலும் பக்கம் நிறையாது. ஒரு பெயர் இருக்கும், அல்லது ஒரு தொகை, சில சமயம் மாமனார் முகத்தில் தெரியப்போகும் ஏமாற்றம். அதை நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். மேடையில் சாட்சியாகச் சொல்வதெல்லாம் அப்புறம். பிறகு, இந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன என்று கேட்பேன். ஒரு எண்ணை அழிப்பது, ஒரு கடனை ஒத்துக்கொள்வது, மனைவியிடம் ஒரு உண்மையைச் சொல்வது. சிலுவையை அனுதினமும் எடுக்கச் சொன்னவர் மொத்த ஆயுளையும் ஒரே நாளில் கேட்கவில்லை.

அந்தச் சகோதரர் தன் தாளில் ஒரு தொகையை எழுதினார். கீழே சின்னதாக, "என் நண்பன்" என்றும் எழுதினார். முதல் வாரத்தில் செய்தது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னதுதான். பங்குதாரரிடம் பேசவும், கணக்கை நேராக்கி வரி பாக்கியைக் கட்டவும், விலகவும் 7 மாதம் ஆனது. தொகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. நண்பர் இன்றுவரை பேசுவதில்லை. அதிகமாய்க் கொடுக்கக்கூடும் என்ற வசனம் பணமாகத் திரும்பி வரவில்லை, வரும் என்று நானும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னோடு நடந்து வந்தவர், அன்று பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனைகள் பாடம் எடுத்ததாகச் சொன்னார். வழக்கமாக "களவு செய்யாதிருப்பாயாக" என்ற எட்டாவது கற்பனை வரும்போது குரலைத் தாழ்த்தி வேகமாகக் கடந்துபோய்விடுவாராம். "இன்னிக்கு அங்கேயே ரொம்ப நேரம் நின்னேன், ஐயா" என்றார்.