அமெரிக்காவில் மிக்சி ஓடுகிறது, கிரைண்டர் ஏன் திணறுகிறது?

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடிபோகிறவர்களின் பெட்டியில் மிக்சி ஒன்று எப்படியும் ஏறிவிடும். எடைக்குப் பயப்படாதவர்கள் டேபிள்டாப் கிரைண்டரையும் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே வோல்டேஜை உயர்த்தித் தரும் ஸ்டெப்அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டியதும் மிக்சி ஊரில் ஓடியது போலவே ஓடும். அதே டிரான்ஸ்ஃபார்மரில் கிரைண்டரைப் போட்டால் கதை வேறு. கல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். உளுந்து பொங்கிக் கெட்டியாகும் நேரத்தில் உறுமிக்கொண்டு நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய்விட்டது என்று பலரும் அதை மாற்றுகிறார்கள். கோளாறு அதில் இல்லை.

கிரைண்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 150 வாட் என்று மூன்று எண்கள் இருக்கும். அமெரிக்கச் சுவரில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை புரள்கிறது என்ற கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் முதல் எண்ணை மட்டும் சரிசெய்கிறது. உள்ளே இருப்பவை இரும்புத் தகடுகளும் செம்புக் கம்பிச் சுற்றுகளும்தான்; நொடிக்கு 60 முறை புரளும் மின்சாரம் உள்ளே போனால் 60 முறை புரளும் மின்சாரமே வெளியே வரும். அந்த இரண்டாவது எண் மிக்சிக்குப் பொருட்டே இல்லை, கிரைண்டருக்கு அதுதான் எல்லாம்.

மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். ஓடும்போது அடிப்பக்கக் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் நீலப் பொறி தெரியுமே, பிரஷ் உரசும் இடம் அது. இந்த வகை மோட்டார் நேர்மின்சாரத்தில்கூட ஓடும். வேகத்தை முடிவு செய்வது வோல்டேஜும் ஜாரில் இருக்கும் சுமையும் மட்டுமே.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். பிரஷ் கிடையாது, சுழலும் காந்தப்புலம் மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புலம் எத்தனை வேகமாகச் சுழலும் என்பதை ஹெர்ட்ஸ் நிர்ணயிக்கிறது. நான்கு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1800. கல் 20 சதவீதம் வேகமெடுப்பது இதனால்தான்.

வேகம் கூடும்போது பலம் குறைகிறது. அலை சீக்கிரம் புரண்டுவிடுவதால் ஒவ்வொரு புரளலிலும் காந்தப்புலம் வளரக் கிடைக்கும் நேரம் குறைவு. அதே 230 வோல்ட்டில் புலம் ஆறில் ஐந்து பங்குதான் எட்டும். மோட்டார் தாங்கும் உச்சத் திருப்புவிசை அந்தப் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 36-க்கு 25, அதாவது ஏறக்குறைய 70 சதவீதம். காலி டிரம்மைச் சுற்ற இது தாராளம். கெட்டி உளுந்துக்குப் போதாது.

ஆகவே ஒவ்வொரு ஈட்டுக்கும் வழக்கமாகப் போடும் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போடாமல், இரண்டு ஈடாக அரையுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெறும் கல்லை ஓடவிட்டு, சுற்றத் தொடங்கிய பிறகு உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்க வேண்டும். வேகம் கூடினால் மாவு சீக்கிரம் சூடாகும், ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பது நல்லது. கல் நின்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். சுழலாத மோட்டாரில் பாயும் மின்சாரம் முழுக்கச் சூடாகிறது. ஒரு நிமிடம் உறுமவிட்டால் வார்னிஷ் கருகும் வாடை வரும், அதன்பின் மோட்டாரின் கம்பிச் சுற்றை (காயில்) புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமா? மிக்சி தளர்ந்து சுற்றும், தேங்காய் போட்டதும் நிற்கும். கிரைண்டர் நகரவே நகராது. திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் விழுவதால் 230 பாதியானதும் விசை கால்வாசியாகிவிடுகிறது.

டிரான்ஸ்ஃபார்மரை எந்த அளவில் வாங்குவது என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 750 வாட் மிக்சிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. புறப்படும் கணத்தில் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் அப்போது வோல்டேஜ் தொய்ந்து, விசை இன்னும் குறையும். மிக்சிக்கு 1500 வாட், கிரைண்டருக்கு 750 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு, பிறகு மிக்சியை ஒன்றாம் வேகத்தில் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மரையும் அணைக்க வேண்டும். சும்மா இருந்தாலும் அது சூடாகும், மின்சாரம் தின்னும்.

கையடக்கமாக, எடையே இல்லாமல், 1600 வாட் என்று எழுதி விற்கும் பயணக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. அவை மின்னலையை வெட்டித் தரும் எலெக்ட்ரானிக் சுற்றுகள். சூடேற்றும் சாதனங்களுக்கு மட்டும் செய்தவை. அவற்றில் மோட்டாரை மாட்டாதீர்கள். நிஜமான 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு கையால் தூக்கவே கஷ்டமாக இருக்கும்.

இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை ஊரிலேயே விட்டுப் போகலாம். 1500 வாட் கெட்டிலை நேராக 120 வோல்ட்டில் போட்டால் சுமார் 400 வாட்தான் தரும். மூன்றரை நிமிடத்தில் கொதிக்க வேண்டிய ஒரு லிட்டர் தண்ணீர் 12 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 2000 வாட் அடுப்பை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டினால் சுவரிலிருந்து 17 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிடும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும்.

துணி உலர்த்தும் இயந்திரத்துக்கென்று அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் பிளக் இருக்கும். அதிலிருந்து கிரைண்டருக்கு வயர் இழுக்கும் யோசனை பலருக்கும் வரும். வேண்டவே வேண்டாம். அங்கே நியூட்ரல் ஒன்று, ஃபேஸ் ஒன்று என்றில்லை. 240 வோல்ட் தரும் இரண்டு கம்பிகளிலுமே கரண்ட் இருக்கும். நம் கிரைண்டர் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதால், அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். ஈரக் கையோடு டிரம்மைக் கழற்றும் இயந்திரம் இது.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போகிறவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; பிளக் மட்டும் மாறும்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு சென்னையில் ஓட்டினால் கல் மெதுவாகச் சுற்றும். அலை நிதானமாகப் புரள்வதால் புலம் அளவுக்கு மீறி வளர்ந்து, இரும்பு தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். மாவே போடாவிட்டாலும் மோட்டார் கொதிக்கும். தகட்டில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் பின்பக்கம் 110, 220 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால், ஊரில் பிளக்கில் சொருகும் முன் அதை 220-க்குத் தள்ளிவிடுங்கள். மறந்தால் வெளியே வருவது 400 வோல்ட்டுக்கும் மேல்.