கடைசியில் வந்தது முதலில் நடக்கும்

மேசையில் ஒரு கரடி அட்டை கிடக்கிறது. அதன் தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமையும் 2. எதிராளியின் கையில் 3 சேதம் விளைவிக்கும் ‘லைட்னிங் போல்ட்’ இருக்கிறது. கரடியின் சொந்தக்காரரிடம் ‘ஜயண்ட் குரோத்’ இருக்கிறது. அது நடப்பு முறை முடியும்வரை இரண்டு வலிமைகளையும் மும்மூன்று கூட்டும். இரண்டு அட்டைகளும் ஆடப்படுகின்றன. கரடி பிழைக்குமா, சாகுமா? இந்த எண்களை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை கிடைக்காது. எந்த அட்டைக்குப் பதில் சொல்ல எது வந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

இவை 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டின் முதல் தொகுப்பிலேயே இருந்த அட்டைகள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த விளையாட்டில், சதுரங்கத்தைப் போல ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் கைகட்டி அமர்ந்திருக்க வேண்டியதில்லை. எதிராளியின் முறையிலும் குறுக்கிடுவதற்கென்றே ‘இன்ஸ்டன்ட்’ என்னும் அட்டை வகை இருக்கிறது. குறுக்கிடலாம் என்றவுடன், யாருடைய செயல் முதலில் என்ற வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில், இன்ஸ்டன்ட்டைவிட வேகமான ‘இன்டரப்ட்’ என்று ஒரு வகையை வைத்தும், சேதத்தைத் தடுப்பதற்குத் தனி நேரம் ஒதுக்கியும் சமாளித்தார்கள். 1999இல் ஆறாம் பதிப்போடு வந்த விதிகள் அவற்றைக் கழித்துவிட்டு ‘ஸ்டாக்’ என்னும் ஒரே ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. ஸ்டாக் என்றால் அடுக்கு.

கழுவி அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். கணினி நிரல் எழுதுபவர்களுக்கு இது அன்றாடம் பழகிய அமைப்பு. மேஜிக்கில் போல்ட், குரோத் போன்ற ஒரு மந்திர அட்டையை ஆடினால் அது உடனே நடந்துவிடுவதில்லை, அடுக்கில் ஏறிக் காத்திருக்கிறது. பதில் சொல்லும் உரிமை, அதாவது ‘பிரையாரிட்டி’, ஆட்டக்காரர்களிடையே கைமாறுகிறது. உரிமை உள்ளவர் இன்னொரு அட்டையை மேலே ஏற்றலாம், அல்லது வேண்டாம் என்று விட்டுவிடலாம். இடையில் எதுவும் ஏறாமல் எல்லாரும் அடுத்தடுத்து விட்டுவிட்டால், அடுக்கின் உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் நிறைவேறும். ‘ஒன்று மட்டும்’ என்பதைப் புதியவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். அடுக்கு மொத்தமும் ஒரே மூச்சில் சரிந்து இறங்குவதில்லை. ஒவ்வொன்று நிறைவேறியதும் உரிமை மீண்டும் முறைக்குரியவரிடம் வருகிறது, புதிதாக எதையாவது ஏற்றுவதற்கு இருவருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. கற்றுக்கொடுக்கும்போது அட்டைகளை மேசை நடுவில் உண்மையாகவே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொல்வது என் வழக்கம். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது கரடிக்கு வருவோம். எதிராளி முதலில் போல்ட்டை ஆட, அதற்குப் பதில் சொல்லச் சொந்தக்காரர் குரோத்தை ஏற்றினால், மேலே இருக்கும் குரோத் முதலில் நிறைவேறும். கரடியின் வலிமைகள் ஐந்தைந்தாகும். பிறகு விழும் 3 சேதத்தை அது தாங்கிக்கொள்ளும். மாறாக, சொந்தக்காரர் அவசரப்பட்டுக் குரோத்தை முதலில் ஆடிவிட்டால், எதிராளி அதற்குப் பதில் சொல்லப் போல்ட்டை ஏற்றுவார். கரடி வளர்வதற்கு முன்பே செத்துவிடும். குரோத்தின் இலக்கு களத்தில் இல்லாததால் அது விளைவேதுமின்றிக் கழிவுக்குவியலுக்குப் போய்ச்சேரும். ஒரே இரண்டு அட்டைகள். வரிசை மாறியதால் ஒருமுறை போல்ட் வீண், மறுமுறை குரோத்தும் கரடியும் சேர்ந்து வீண். அனுபவமுள்ளவர்கள் பதில் அட்டையைக் கடைசி நொடிவரை கையிலேயே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

மந்திரங்கள் மட்டுமல்ல, களத்தில் இருக்கும் அட்டையின் திறனும் அடுக்கில் ஏறும். அப்படி ஏறிய திறன் தன்னைத் தோற்றுவித்த அட்டையை நம்பி இருப்பதில்லை என்பது அடுத்து அறிய வேண்டியது. ‘பிராடிகல் சார்சரர்’ என்னும் மந்திரவாதியைப் பக்கவாட்டில் திருப்பினால் 1 சேதம் விளைவிக்கலாம். திருப்பியதைக் கண்டு எதிராளி உடனே அந்த மந்திரவாதியைப் போல்ட்டால் கொன்றாலும், அந்த 1 சேதம் வந்தே தீரும். அம்பு நாணைவிட்டுக் கிளம்பிய பிறகு எய்தவனை வீழ்த்திப் பயனில்லை. அம்பையே மறிக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள அட்டை வேண்டும். ஆனால் ‘கவுண்டர்ஸ்பெல்’கூட மந்திரங்களைத்தான் மறிக்கும், இத்தகைய திறன்களைத் தொடாது.

எல்லாமே அடுக்கில் ஏறுவதுமில்லை. மந்திரத்திற்கு விலையாகும் ‘மானா’வைத் திரட்டுவது உடனே நடந்துவிடும், அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, மானா தரும் நில அட்டை ஒவ்வொன்றைத் திருப்பும்போதும் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் ஆட்டமே நகராது. சேதம் தாங்காமல் கரடி போன்ற உயிரி சாவதும் அப்படித்தான். யாருக்காவது உரிமை கிடைக்கப்போகும் ஒவ்வொரு முறையும் விதிகள் களத்தை ஒருதரம் சரிபார்க்கின்றன, சாக வேண்டியவை அப்போதே அகற்றப்படுகின்றன. ஆகவே போல்ட் விழுந்த பிறகு, உயிர் போகுமுன் குரோத்தைச் செருகிக் காப்பாற்ற இடைவெளியே கிடையாது.

உயிரிகள் மோதும் போரில் விளையும் சேதம் மட்டும் 1999 முதல் பத்தாண்டுகள் அடுக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் ‘மாக் ஃபனாட்டிக்’ என்னும் சிறு உயிரி, தான் கொடுக்கும் 1 சேதம் அடுக்கில் ஏறியதும் தன்னையே பலிகொடுத்து இன்னொரு 1 சேதத்தை எதிரியின்மேல் சேர்த்துவிடும். இல்லாத உயிரி எப்படி அடித்தது என்று புதியவர்கள் கேட்டால் விளக்குவது கடினம். 2009இல் வந்த விதிமாற்றம் போர்ச் சேதத்தை அடுக்கிலிருந்து நீக்கியபோது, நுட்பம் குறைந்துவிட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த மாற்றம் சரியென்றே படுகிறது, ஏனென்றால் அடிக்கவும் பலியாகவும் இரண்டு வாய்ப்பு இருந்த இடத்தில் இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பிழைத்த கரடிக்கு இன்னும் ஓர் ஆபத்து பாக்கி இருப்பதுபோலத் தோன்றும். 3 சேதம் அதன்மேல் இருக்கிறது. முறை முடியும்போது குரோத்தின் பலன் நீங்கிவிடும். அப்போது தாங்கும் வலிமை 2 ஆகிவிடாதா? இதற்கும் விதிகளில் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். முறையின் இறுதிக் கட்டத்தில் சேதம் அழிவதும், ‘முறை முடியும்வரை’ என்றுள்ள பலன்கள் நீங்குவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. ஒன்றுக்குப்பின் ஒன்றாக அல்ல. ஐந்தைந்தாக நின்ற கரடி இரண்டிரண்டாகச் சுருங்கும் அதே கணத்தில் காயமும் மறைந்துவிடுகிறது.