முதலில் காடி, அப்புறம் துண்டு: சின்ன மர ஸ்டாண்டுகளை மொத்தமாகச் செய்யும் கணக்கு

தட்டையோ சிலையையோ நிறுத்திக் காட்ட ஒரே ஒரு மர ஸ்டாண்டு வேண்டுமென்றால் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, துளையும் கழுந்துமாக ஆசை தீரச் செதுக்கலாம். ஐம்பது வேண்டும் என்று வந்துவிட்டால் கதையே வேறு. பிளேடு மரத்தைத் தொடுவது சில நொடிதான். அளப்பது, கோடு போடுவது, துண்டை எடுத்து வைப்பது, மேசை ரம்பத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வது, இவைதான் பொழுதைத் தின்னும். எந்த இணைப்பை ஒரே செட்டிங்கில் எல்லாத் துண்டிலும் வெட்டித் தள்ள முடியும் என்று பார்ப்பதே முதல் வேலை.

பலத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நாற்காலியில் ஆள் சாய்கிறார், ஆடுகிறார், ஒவ்வொரு முறையும் இணைப்பு நெம்பப்படுகிறது. அரைக் கிலோ தட்டைத் தாங்கும் ஸ்டாண்டில் எடை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது, அதற்குப் போய் புறாவின் வால் போல விரிந்து பூட்டிக்கொள்ளும் புறாவால் இணைப்பு வெட்டுவது என் பார்வையில் வீண் வேலை.

அதற்காக வெறும் பசையைத் தடவி முனையோடு முனை ஒட்டிவிடலாம் என்றால் அங்கே மரம் காலை வாரிவிடும். மரம் என்பது உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி வைத்தது மாதிரி. குழல்களின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டினால் அந்த ஒட்டு மரத்தளவுக்கே உறுதியாக இருக்கும், உடைத்தால் பெரும்பாலும் பக்கத்து மரம்தான் கிழியும். குழல்களின் வாய் தெரிகிற முனையில் தடவினால் பசை உள்ளே இறங்கிவிட்டு, ஒட்ட வேண்டிய இடம் காய்ந்து கிடக்கும். ஆகவே பக்கவாட்டு முகமும் பக்கவாட்டு முகமும் சந்திக்கிற இணைப்பாகத் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் முதலில் நிற்பது ஹாஃப் லாப். இரண்டு சட்டத்திலும் பாதிக் கனத்துக்குக் காடி, அதாவது பள்ளம், வெட்டி, ஒன்றைக் குப்புறக் கவிழ்த்து மற்றதில் பொருத்தினால் சிலுவை வடிவில் ஒரு அடிப்பாகம். இரண்டு துண்டும் அச்சு அசலாக ஒன்றே என்பதுதான் இதன் பெரிய வசதி, இடது வலது என்று தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான தந்திரத்துக்கு வருவோம்: சட்டங்களைச் சின்னச் சின்னதாக அறுத்துவிட்டு ஒவ்வொன்றிலும் காடி வெட்டாதீர்கள். அகலப் பலகையிலேயே குறுக்காகக் காடியைப் போட்டுவிட்டு, அப்புறம் நீளவாக்கில் சட்டங்களாகப் பிளக்க வேண்டும். 200 மி.மீ. அகலமும் 650 மி.மீ. நீளமும் உள்ள பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். சம இடைவெளியில் 20 மி.மீ. அகலத்துக்கு நான்கு காடி. பிறகு 20 மி.மீ. சட்டங்களாகப் பிளந்தால், பிளேடு தின்னும் 3 மி.மீ. போக, எட்டுச் சட்டம் கிடைக்கும். எட்டையும் டேப் சுற்றிக் கட்டாக்கி நான்காக அறுத்தால் 32 துண்டு, அதாவது 16 அடிப்பாகம். இதில் காடி வெட்டியது நான்கே இடத்தில். கையளவு துண்டைப் பிளேடுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டிய ஆபத்தும் இல்லை, மரம் கடைசி வரை நீளமாகவே இருக்கிறது. சட்டம் பிளக்கும்போது மட்டும் தள்ளுகட்டை இல்லாமல் கையை விடாதீர்கள்.

காடியின் ஆழம் சரியாகப் பாதிக் கனமாக இருக்க வேண்டும், இதற்கு அளவுகோலே வேண்டாம். அதே கனமுள்ள கழிவுத் துண்டின் முனையில் மேலிருந்து ஒரு வெட்டு, கவிழ்த்துப்போட்டு அதே இடத்தில் இன்னொரு வெட்டு. நடுவில் காகிதம் போல ஒரு சவ்வு மிஞ்சினால் பிளேடை ஒரு மயிரிழை ஏற்றுங்கள். சவ்வு காணாமல் போகிற கணம்தான் சரியான பாதி.

அகலத்தைப் பொறுத்தவரை, காடியைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்ற முயல்வதைவிடச் சட்டத்தைக் காடிக்கு ஏற்ப இழைப்பது எளிது. கொஞ்சம் அகலமாகப் பிளந்து, கட்டாக்குவதற்கு முன்பே, காடியில் கையால் அழுத்தினால் இறங்குகிற அளவுக்கு இழைத்துக்கொள்ளலாம். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் ஒரு இழைப்பு பாக்கி என்று அர்த்தம்.

இதை ஒரே மூச்சில் செய்துவிட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஊதாது. தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் வளையங்களின் போக்கில் சுமார் 5.8%, ஆரத்தின் போக்கில் சுமார் 2.5% சுருங்கும், நார் ஓடும் நீளவாக்கிலோ அது கண்டுகொள்ளவே வேண்டாத அளவு. நம் காடியின் அகலம் நார் ஓடும் திசையிலேயே இருப்பதால் அது அப்படியே நிற்கும். அதில் உட்கார வேண்டிய சட்டத்தின் அகலமோ நாருக்குக் குறுக்கே, அது ஊதும். ஈரப்பதம் 10 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால் 20 மி.மீ. தேக்குச் சட்டம் 0.15 மி.மீ. வரை தடிக்கக்கூடும். இன்று சிக்கென்று பொருந்தியது ஈர நாட்கள் வந்ததும் உள்ளே போக மறுப்பது இதனால்தான்.

பசையிலும் இதே கதை குட்டியாக நடக்கிறது. வெள்ளை மரப்பசையில் தண்ணீர் இருக்கிறது, தடவியதுமே சட்டம் ஊதத் தொடங்கும். உலர்ந்த நிலையில் மிக இறுக்கமாக இருந்த இணைப்பு பசையோடு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் முன்னேயும் வராது, பின்னேயும் போகாது. ஒரு துளி தளர்வு வைத்து, தடவியவுடன் அழுத்திவிடுங்கள். அளவு சரியாக இருந்தால் இணைப்பு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், கிளாம்ப் கூட வேண்டாம். மொத்தமாகச் செய்பவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் பசை காயும் அரை மணி நேரமும் கிளாம்பை நம்பி நின்றால் எத்தனை கிளாம்ப் இருந்தாலும் போதாது.

எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில் வர, மரத்தின் முனை முட்டி நிற்கும்படி வைக்கும் தடுப்புக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டை ஒரே இடத்தில் நிற்பதால் பிழை கூடிக்கொண்டே போகாது என்பது சரிதான், ஆனால் அதன் அடியில் மரத்தூள் சேர்ந்தால் ஒவ்வொரு துண்டும் அரை மி.மீ. தள்ளித்தான் வெட்டுப்படும். கட்டையின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் செதுக்கித் தூளுக்கு வழி விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நட்டுக் குத்தாக நிற்கும் தண்டுக்கு, சிலுவையின் நடுவில் 8 மி.மீ. துளை போட்டு ஒரு டோவல், அதாவது உருளை மரக்குச்சி, இறக்கினால் அது இரண்டு சட்டத்தையும் பூட்டிவிட்டுத் தண்டையும் பிடித்துக்கொள்ளும். டோவலின் பக்கவாட்டில் கோடு கோடாகக் காடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வழுவழுப்பான டோவலைப் பசையோடு தண்டின் துளைக்குள் அடித்தால் உள்ளே சிக்கிய காற்றும் பசையும் வெளியே வர வழியில்லாமல் தண்டையே பிளந்துவிடும். தண்டில் போடும் துளையும் டோவலைவிட ஓரிரண்டு மி.மீ. ஆழமாக இருக்கட்டும்.