ஹப்பிளின் போர்வை ஏன் கிழிந்தது?

1997 பிப்ரவரியில், ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன வீரர்கள் அதன் வெப்பக்காப்பு வெளிப்போர்வையில் பல இடங்களில் விரிசல்களைப் பார்த்தார்கள். ஓரிடத்தில் படலம் கிழிந்து சுருண்டே போயிருந்தது. கைவசம் இருந்த உதிரிப் படலங்களை வெட்டி ஒட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்போது ஹப்பிள் விண்ணுக்குப் போய் ஏழு வருடம்கூட ஆகவில்லை.

அந்தப் போர்வையின் மேலடுக்கு, அடிப்பக்கம் அலுமினியம் பூசிய டெஃப்ளான் வகைப் படலம். தடிமன் 127 மைக்ரான். டெஃப்ளானை அமிலமே அசைக்காது. அதை எது இப்படி நொறுக்கியது?

டெஃப்ளான் ஒரு பாலிமர். பாலிமர் என்பது இடியாப்பம் மாதிரி: நீளநீளமான மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இழுத்தால் சுமையை எல்லா இழைகளும் பகிர்ந்துகொள்ளும், அதனால் படலம் கிழியாமல் நீளும். சூரியனின் புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், வேகமாகப் பாயும் எலக்ட்ரான், புரோட்டான் எல்லாம் அந்த இழைகளை அங்கங்கே அறுக்கின்றன. துண்டு இழைக்குப் பின்னிப் பிடிக்க நீளம் போதாது. மொட்டை மாடியில் வருடக்கணக்கில் வெயில் காய்ந்த பிளாஸ்டிக் வாளி, தூக்கும்போதே கையோடு உடைந்து வருமே, அங்கேயும் இழைகள்தான் அறுந்திருக்கின்றன.

ஆனால் கதிர்வீச்சு மட்டும் குற்றவாளி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹப்பிள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் படலம் வெயிலில் சூடேறி, நிழலில் உறையும். சூடேறும்போது அறுந்த துண்டுகள் நகர்ந்து, நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. படிகத்தன்மை கூடுகிறது, அடர்த்தியும் கூடுகிறது, வளையும் குணம் போய்விடுகிறது. சாதாரணமாக 50 டிகிரி செல்சியஸ் வரை போகும் படலம், சுருண்ட இடத்தில் மட்டும் 200 டிகிரியைத் தொட்டிருக்கிறது. பூமிக்குக் கொண்டுவந்து சோதித்தபோது அந்தத் துண்டுதான் மிக மோசமாக நொறுங்கியது. ஆய்வகத்திலும் கதிர் பட்ட படலத்தைச் சூடாக்கியதும் அதன் வலிமை இன்னும் சரிந்தது.

சரி, மாற்று? கேப்டான் என்ற பாலிஇமைடு வகைப் பாலிமர். அதன் இழைகளில் உள்ள கார்பன் வளையங்கள் கதிரின் ஆற்றலை வாங்கிப் பரப்பிவிடும், எளிதில் அறுபடாது. ஆனால் தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கும் ஒற்றை ஆக்சிஜன் அணுக்கள் அதை அரித்துவிடும். அதனால் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த நுண்கூண்டுகளை இழையோடு பிணைத்துக் கலப்புப் படலம் செய்தார்கள். ஆக்சிஜன் மேற்பரப்பை அரிக்க அரிக்க, கூண்டுகள் சிலிக்காவாக மாறி மேலே படிகின்றன. அந்தச் சிலிக்காவைத் தாண்டி ஆக்சிஜன் அவ்வளவாக உள்ளே போவதில்லை. அதில் கீறல் விழுந்தாலும், அடியில் உள்ள கூண்டுகள் அதே மாதிரி மாறி அங்கே புதிய தோல் கட்டிக்கொள்ளும்.