ஏணியைக் கட்டும் கயிறு வேறு, ஆளைக் கட்டும் கயிறு வேறு

தை பிறந்துவிட்டால் கீழ்ப்பழனி மலையில் மிளகு பறிப்பு சூடுபிடிக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பெரும்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் சில்வர் ஓக் மரங்களில், கணுத் துண்டுகளே படியாக இருக்கும் ஒற்றை மூங்கில் ஏணி சாய்ந்திருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்தாக வேண்டும், விட்டால் உதிர்ந்துவிடும். ஆள் கிடைப்பதும் கஷ்டம். அந்த அவசரத்தில் ஏணியை மரத்தோடு கட்டாமலே ஏறிவிடுகிறார்கள். கட்டுகிறவர்களும் கையில் கிடைத்த கயிற்றை நாலு சுற்று சுற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

மரம் ஏறுகிறவர்களுக்குக் கயிற்றுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். தோட்டம் தோட்டமாகப் போகும்போது நான் முதலில் பார்ப்பது கயிற்றைத்தான். இந்த விஷயத்தில் நமக்கு உதவக்கூடிய ஒரு பொருள் வெகு தூரத்தில், மிளகுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏற 'கிளைம்பிங் ஸ்டிக்' என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று அடி நீள அலுமினியத் தண்டு, அதில் கால் வைக்கப் படிகள், மரத்தைக் கவ்வ மேலும் கீழும் பற்கள். இப்படி மூன்று நான்கு தண்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மரத்தில் கட்டிக்கொண்டே ஏறுவார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். எனவே அந்தத் தண்டை வாங்கச் சொல்லவில்லை. அதை மரத்தோடு கட்டுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த முறைகளைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தண்டு தரையைத் தொடாது. ஏறுகிறவரின் முழு எடையும் ஒரு கயிற்றில்தான் நிற்கிறது. அதனால் கட்டு சரியில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். முதலில் பக்கிள் வைத்த பட்டையால் கட்டினார்கள். அது பனியில் நனைந்தால் வழுக்கும், பக்கிள் சத்தம் போடும். அதனால் பலர் கயிற்றுக்கு மாறினார்கள். சிலர் கயிற்றைப் பல்லுள்ள சின்னப் பிடிப்பானில் இழுத்துச் செருகுகிறார்கள். வேறு சிலர் வரிசையாகக் காதுகள் வைத்துத் தைத்த கயிற்றைச் சுற்றி, பொருந்துகிற காதைத் தண்டிலுள்ள குமிழில் மாட்டிவிடுகிறார்கள். முறை எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மரத்தின் பின்பக்கம் கயிறு கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், தண்டைத் தொடும் இடத்தில் தாழ்ந்திருக்க வேண்டும். கட்டியதும் தண்டைக் காலால் கீழே அழுத்தி உட்கார வைப்பார்கள். அப்புறம் எடை ஏற ஏறக் கயிறு இறுகும். பின்பக்கம் கயிறு தாழ்ந்திருந்தால் நேர்மாறாக நடக்கும், மிதித்த உடனே தொய்வு விழுந்து தண்டு நழுவும்.

நம் மூங்கிலுக்கும் இதே கணக்குதான். ஒற்றைத் தண்டு ஏணியின் பெரிய ஆபத்து, அது மரத்தைச் சுற்றி உருள்வது. சரத்தை எட்டிப் பறிக்க ஒரு பக்கம் சாய்ந்ததும் மூங்கில் மறுபக்கம் திரும்பும். ஒரே இடத்தில் கட்டினால் இது நிற்காது. நெஞ்சு உயரத்தில் ஒன்று, பறிக்கிற உயரத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு கட்டு வேண்டும். மூங்கிலில் படிக்காக விட்ட கணுத் துண்டுக்கு நேர் கீழே கயிறு இருக்கட்டும், மரத்தின் பின்பக்கம் ஒரு சாண் மேலே போகட்டும். இப்படிக் கட்டினால், மழை ஈரத்தில் ஏணியின் அடி மண்ணுக்குள் இறங்கினாலும் கணு கயிற்றை அழுத்தி இறுக்கும். முடிவில் இழுத்தால் அவிழும் சுருக்கு போடாதீர்கள். இடுப்பில் கட்டிய பறிப்புப் பை அதன் வாலில் மாட்டினால் கட்டே அவிழ்ந்துவிடும். இறுக்கி இரண்டு முடிச்சு, ஒரு சாண் வால், அது போதும்.

மிளகுக் கொடி மேல் கயிற்றைச் சுற்றினால் பிடிப்பது கொடியைத்தான், மரத்தை இல்லை. கொடி நசுங்க நசுங்கக் கயிறு தொய்யும். கொடி மெலிந்த இடம் பார்த்துக் கட்டுங்கள், பத்துப் பதினைந்து சரத்துக்கு ஒருமுறை கட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

கயிறு எது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். சந்தையில் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து தூளாக உதிரும், முடிச்சும் வழுக்கும். தேங்காய் நார்க் கயிறு ஈரத்தில் இற்றுப்போவது வெளியே தெரியாது. நைலான் நல்ல கயிறுதான், ஆனால் நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும், இழுத்தால் நீளும். ஏணி கட்ட பாலியெஸ்டர் கயிறு மேல், அவ்வளவாக நீளாது. அந்த வேட்டைக்காரர்கள் விரும்பும் டைனீமா வகைக் கயிறு, எடைக்கு எடை பார்த்தால் இரும்புக் கம்பியைவிட வலுவானது. ஆனால் வழவழப்பு அதிகம், சாதாரண முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும், உரசல் சூட்டில் சீக்கிரம் உருகும். அதனால்தான் அதை முடிச்சுப் போடாமல் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னுகிறார்கள். எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் பலம் குறையும், மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூடப் போய்விடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏணிக்கு. ஆளுக்கு?

பயிற்சியில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அண்ணே, ஏணியத்தான் இறுக்கிக் கட்டியாச்சே, அப்புறம் எனக்கு எதுக்குத் தனியா கயிறு?" ஏணி அசையாமல் நின்றாலும் கால் வழுக்கும். பனி இறங்கிய காலையில் மூங்கில் கணு சோப்புப் போட்ட மாதிரி இருக்கும். குளவி கொட்டும், தலை சுற்றும். ஏணியைக் கட்டிய கயிறு இதில் எதையும் தடுக்காது. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, தரையிலிருந்து கால் எடுக்கும் முன் மரத்தோடு உன்னைப் பிணைத்துக்கொள், திரும்பத் தரை தொடும்வரை கழற்றாதே என்பதுதான். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து, ஏறுவதும் இறங்குவதும்தானே இதில் பெரிய வேலை.

முதல் தடவை ஏறும்போது இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிறு போகட்டும், இரண்டு படிக்கு ஒருமுறை அதை மேலே நகர்த்துங்கள். மேலே போனதும் மரத்தின் நடுத்தண்டையே சுற்றி உயிர்க்கயிற்றை, அதாவது ஆள் விழுந்தால் தாங்கும் கயிற்றை, கட்டித் தொங்கவிடுங்கள். கிளையை நம்ப வேண்டாம், சில்வர் ஓக் கிளை சடக்கென்று முறியும் சாதி. அடுத்த தடவையிலிருந்து தரையிலேயே அந்த உயிர்க்கயிற்றில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டுவதற்குப் புரூசிக் முடிச்சு போதும். மெல்லிய கயிற்று வளையத்தை உயிர்க்கயிற்றில் மூன்று சுற்று சுற்றுவது அது. தளர்வாக இருந்தால் நகரும், எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும். வளையம் உயிர்க்கயிற்றைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், ஒரே தடிமன் என்றால் கவ்வாமல் போகலாம். அது எப்போதும் தலைக்கு மேலே இருக்கட்டும், தொய்வு விடாதீர்கள். வெறும் இடுப்பு பெல்ட்டில் விழுந்தால் வயிறும் முதுகெலும்பும் அடிபடும். ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட் வாங்கிக் கொடுங்கள். முதலாளிமார்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

நீலகிரியில் குறும்பர்கள் பாறைத் தேன் எடுக்க, கொடியில் முறுக்கிய ஏணியில் இறங்குவார்கள். மேலே கயிற்றருகே காவல் நிற்பது மனைவியின் அண்ணனோ தம்பியோ என்று சொல்வார்கள். உடன்பிறந்தவள் தாலியை நினைத்து மச்சான் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. நம் தோட்டங்களில் ஒரு மரத்துக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாக அனுப்பிவிட்டு, கூப்பிடு தூரத்தில்கூட யாரும் இல்லாமல் விடுகிறோம். இது மாற வேண்டும்.

அலுமினிய ஏணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பியில் ஏணி பட்டு உயிர்போன செய்தி காபி, மிளகுத் தோட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும்.

பெல்ட்டோடு விழுந்தவர் பிழைத்துவிட்டார் என்று நிம்மதியாக நிற்கவும் கூடாது. அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, கொஞ்ச நேரத்தில் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு கயிற்று வளையத்தைப் பெல்ட்டிலேயே வைத்திருந்தால் அதில் கால் வைத்து எழுந்து நிற்கலாம். கீழே இருப்பவர் உடனே இறக்க வழி பார்க்க வேண்டும். தரையில் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள், ஜீப்பில் மடித்துப் போடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, கழுத்தும் முதுகும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி வர வழியே இல்லை என்றால் காபிக் களத்துப் பலகை எதிலாவது நேராகக் கிடத்தி, தலையை ஒருவர் பிடித்தபடியே இறக்குங்கள். அடிவாரத்து வத்தலக்குண்டு வரை அத்தனை வளைவிலும் அந்தக் கை விலகக் கூடாது.

பறிப்பு முடிந்ததும் எல்லாக் கயிற்றையும் மரத்திலிருந்து அவிழ்த்துவிடுங்கள். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று விட்டால் வெயில் தின்னும், அணில் கடிக்கும், மரம் பருத்துக் கயிற்றை விழுங்கும். ஒருமுறை விழுந்த ஆளைத் தாங்கிய உயிர்க்கயிறு, பார்க்கப் புதிதாக இருந்தாலும், திரும்ப உயிர்க்கயிறு ஆகக் கூடாது. அதை முழ நீளத் துண்டுகளாக வெட்டிவிடச் சொல்வேன். நீளமாக வைத்தால் எப்படியும் யாரோ ஒருவர் இடுப்புக்கு வந்து சேரும்.