பிக்கப் மாற்றும் முன்: எல்லா வகைப் பாட்டும் வாசிக்கும் கிட்டாருக்கு எது பொருந்தும்?

மெல்லிசைக் கச்சேரியில் வாசிப்பவர் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்தான் இருக்கும். ஒரு பாட்டுக்குக் கண்ணாடி மாதிரி சுத்தமான ஆர்பெஜியோ, அடுத்ததற்கு வெட்டி வெட்டி அடிக்கும் ஃபங்க் ரிதம், அதற்கடுத்து டிஸ்டார்ஷனில் நீளமான சோலோ. சர்ச்சில் வாசிப்பவருக்கும் இதே நிலைதான். அதனால்தான் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்), நடுவிலும் நெக் பக்கமும் சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில் பிக்கப்) என்று வரும் எச்.எஸ்.எஸ் கிட்டாரை இவர்கள் தேடி வாங்குகிறார்கள். யமஹா பசிஃபிகா 112 இந்த வகைக்கு நல்ல உதாரணம். இப்படிப்பட்ட கிட்டாரில் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் காயிலும் சேர்ந்த பாகம், அதை மாற்றுவதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

பிக்கப் மாற்ற வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "இருக்கறதுலயே ஹாட்டா, அதாவது அதிக சத்தம் தர்றது எது?" பெட்டியில் 16 கே என்று போட்டிருந்தால் 8 கே பிக்கப்பைப் போல இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று ஒரு கணக்கு. வீண் செலவு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண், காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே (கே என்றால் கிலோ ஓம்). பழைய பாணி பிக்கப்புகளில் 42-ஆம் கேஜ் கம்பி சுற்றுவார்கள். அதைவிட மெல்லிய 43, 44-ஆம் கேஜ் கம்பி சுற்றினால், சுற்று எண்ணிக்கை பெரிதாகக் கூடாவிட்டாலும் தடை எகிறிவிடும். செமோர் டங்கனின் 59 பிரிட்ஜ் மாடல் சுமார் 8 கே. அதே நிறுவனத்தின் ஜேபி 16 கே-க்குச் சற்று மேல். ஜேபிதான் அதிக சத்தம் தரும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மடங்கு இல்லை. அந்த எண்ணை இன்னொரு விஷயமும் ஏமாற்றும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8.0 கே காட்டிய பிக்கப், சென்னையில் மே மாதம் 35 டிகிரி அறையில் 8.5 கே அருகே காட்டும். மல்டிமீட்டரில் இதைப் பார்த்துவிட்டு டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தடையைவிடப் பயனுள்ள எண், காயிலின் இண்டக்டன்ஸ். நிறுவனத்தின் விவரப் பட்டியலில் ஹென்றி கணக்கில் இருக்கும். ஸ்ட்ராட் பாணி சிங்கிள் காயில் 2.2 முதல் 2.8 ஹென்றி வரை வரும். ஐம்பதுகளின் பாணி ஹம்பக்கர் 4, 5 ஹென்றி. ஹாட் ஹம்பக்கர்கள் 7, 8 என்று ஏறும். இந்த இண்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான், ட்ரெபிள் எந்த இடத்தில் உச்சம் தொட்டு எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இண்டக்டன்ஸ் கூடக் கூட உச்சம் கீழே இறங்கும், மிட் தடிக்கும், மேலே இருக்கும் காற்று போய்விடும். கேபிள் சாதாரணமாக மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் வரும். 10 மீட்டர் கேபிளில் வாசித்துவிட்டு "சவுண்டு அமுங்கிப்போச்சு" என்று பிக்கப்பைக் குறை சொல்பவர்கள், முதலில் 3 மீட்டர் கேபிளை மாட்டிக் கேட்கட்டும்.

எல்லா வகைப் பாட்டுக்கும் வேண்டும் என்றால் மிதமான ஹம்பக்கரே சரி என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எச்.எஸ்.எஸ் கிட்டாரின் உயிர் அதன் ஐந்து நிலை ஸ்விட்சில் இருக்கிறது. ஸ்விட்சைத் தள்ளும்போது குணம் மாற வேண்டும், சத்தம் தூக்கிப்போடக் கூடாது. 6 கே சிங்கிள் காயில் இரண்டுக்குப் பக்கத்தில் 16 கே ஹம்பக்கரை வைத்தால், சுத்தமான ரிதத்திலிருந்து பிரிட்ஜுக்கு மாறும் அந்த நொடியில் ஆம்பின் சத்தம் கரகரவென்று உடைய ஆரம்பிக்கும், மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரைப் பிடிப்பார். ஹம்பக்கரைத் தாழ்த்தலாமே என்றால், ஓரளவுக்குத்தான் முடியும். அதற்கு மேல் தாழ்த்தினால் தந்தியிலிருந்து விலகி அதன் கூர்மையே போய்விடும். கெயின் வேண்டுமென்றால் ஒரு ஓவர்டிரைவ் பெடலில் கூட்டிக்கொள்ளலாம். பிக்கப்பிலேயே இழந்த தெளிவை எந்தப் பெடலும் திருப்பித் தராது.

ஆகவே கச்சேரி, சர்ச், ஸ்டூடியோ என்று எல்லாம் வாசிப்பவருக்கு: பிரிட்ஜில் 8 முதல் 9 கே, அல்னிகோ 5 காந்தம், நடுவிலும் நெக்கிலும் 6 முதல் 6.5 கே. ஃபெண்டர் டெக்சஸ் ஸ்பெஷல் போன்ற சற்று பலமான சிங்கிள் காயில்கள் இந்தக் கூட்டணிக்கு நன்றாகச் சேரும். வாசிப்பதில் பாதிக்கு மேல் மெட்டல்தான் என்பவர் மட்டும் பிரிட்ஜில் 12, 13 கே வரை போகலாம். காந்தத்தைப் பொறுத்தவரை, அல்னிகோ 2 மென்மை, பேஸ் கொஞ்சம் தளர்வு. அல்னிகோ 5 இறுக்கம், ட்ரெபிள் தெளிவு. செராமிக் இன்னும் இறுக்கம். செராமிக் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. மலிவான கிட்டார்களில் வரும் செராமிக் சிங்கிள் காயில்களைக் கேட்டுவிட்டு எல்லா செராமிக்கையும் எடைபோடுகிறார்கள்.

மெழுகில் தோய்த்த பிக்கப்தானா என்றும் பாருங்கள். ஐம்பதுகளின் அசலை அப்படியே பின்பற்றும் சில மாடல்கள் மெழுகு இல்லாமல் வரும். டங்கனின் சேத் லவர் மாடல் அப்படித்தான். தாழ்ந்த கெயினில் அழகாக இருக்கும். டிஸ்டார்ஷனைக் கூட்டி மானிட்டர் முன்னால் நின்றால் 'கீ...' என்று கத்தும்.

ஹம்பக்கரைப் பிரித்து சிங்கிளாக்கும் காயில் ஸ்ப்ளிட் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 8 கே ஹம்பக்கரைப் பிரித்தால் கிடைப்பது 4 கே காயில். அது ஸ்ட்ராட் சத்தம் இல்லை, மெலிந்த சத்தம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாக இரண்டு காயிலும் சேரும் முனையை புஷ்-புல் ஸ்விட்ச் நேரடியாக கிரவுண்டுக்குக் கொண்டுபோகும். அந்த இடத்தில் 2.2 கே ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் இரண்டாவது காயிலில் ஒரு பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும், சதை போகாது. இரைச்சலே கூடாது என்பவர் இரண்டு காயிலையும் பேரலலாக இணைக்கலாம். சத்தம் சற்றுக் குறையும், ஹம் வராது.

இப்போது பாட், அதாவது வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர். பலர் பிக்கப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை வீணாக்குவது இந்த இடத்தில்தான். சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். எச்.எஸ்.எஸ்-ஸில் இரண்டு வகைப் பிக்கப்பும் ஒரே பாட் வழியாகத்தான் போகின்றன. 250 போட்டால் ஹம்பக்கர் மந்தம், 500 போட்டால் சிங்கிள் காயில் காதைக் கீறும். தீர்வு சில ரூபாய் ரெசிஸ்டர்தான். வால்யூம், டோன் இரண்டும் 500 கே இருக்கட்டும். ஒரு வால்யூம், ஒரு டோன் உள்ள கிட்டாரில், டோன் வால்யூம் பாட்டிலிருந்தே பிரிந்தால், ஐந்து நிலை ஸ்விட்சின் இரண்டாம் பக்கம் காலியாகவே கிடக்கும். அந்தப் பக்கத்தின் பொது முனையை வால்யூம் பாட்டின் உள்ளீட்டு முனைக்குக் கொடுங்கள். நெக், நடு ஆகிய இரண்டின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்குக் கொடுங்கள். பிரிட்ஜ் முனையைச் சும்மா விடுங்கள். ஹம்பக்கர் தனியாக ஒலிக்கும்போது ரெசிஸ்டர் வெளியே, சிங்கிள் காயில் சேரும்போது உள்ளே.

ரெசிஸ்டர் எத்தனை என்பதில் எல்லோரும் 470 கே என்பார்கள். 500-உம் 470-உம் பேரலலில் 242 கே. வால்யூம் கணக்கு சரி. ஆனால் டோன் இன்னும் 500 கே அல்லவா? மொத்தச் சுமை 163 கே ஆகிறது. 250 கே பாட் இரண்டு வைத்த பழைய ஸ்ட்ராட்டில் அது 125 கே. அந்த வித்தியாசம் சற்றுக் கூடுதல் பளபளப்பாகக் கேட்கும். பிடித்தால் அப்படியே விடுங்கள். பழைய ஸ்ட்ராட் இனிமைதான் வேண்டும் என்றால் 270 கே போடுங்கள், சுமை 130 கே-க்கு வந்துவிடும். டோன் கெப்பாசிட்டரைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 0.022 மைக்ரோஃபாரட் போதும், விலை உயர்ந்தது வாங்கிப் பயனில்லை.

பாட் வாங்கும்போது அளவு பாருங்கள். ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களில் துளை பெரும்பாலும் 8 மி.மீ. இருக்கும், அமெரிக்கத் தயாரிப்பு பாட் என்றால் 9.5 மி.மீ. வேண்டும். தண்டின் பல் எண்ணிக்கையும் வேறு, ஒன்றில் 18, மற்றதில் 24. பழைய நாப் (திருகும் குமிழ்) ஏறாது. அழுத்தி ஏற்றினால் பிளந்துவிடும்.

பிக்கப்பின் போல் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே இருக்கும் காந்த முனை) இடைவெளி அடுத்தது. பிரிட்ஜ் பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் தந்தி, ஆறாம் தந்தி இரண்டின் நடுக்கோடுகளுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளங்கள். 52, 53 மி.மீ. வந்தால் டிமார்ஜியோ நிறுவனப் பிக்கப்பில் எஃப்-ஸ்பேஸ், டங்கனில் ட்ரெம்பக்கர் என்று கேட்க வேண்டும். 49, 50 வந்தால் சாதா அளவு. தவறி சாதா அளவை வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம், கண்ணுக்கு உறுத்தும் அளவுக்குக் காதுக்கு உறுத்தாது.

இரண்டு நிறுவனங்களின் பிக்கப்புகளைக் கலக்கும்போது வயர் நிறத்தை நம்பி சால்டர் செய்யாதீர்கள். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வயர்), பச்சையும் வெற்று வயரும் கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட், பச்சையும் வெற்று வயரும் கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் சத்தம் கம்மும், அல்லது வரவே வராது.

நிறம் சரியாக இருந்தும் ஃபேஸ், அதாவது சிக்னலின் திசை, மாறலாம். சால்டர் செய்யும் முன் சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி-யில் வையுங்கள். சிவப்பு முனை ஹாட்டுக்கு, கறுப்பு முனை கிரவுண்டுக்கு. கனமான ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டைப் போல்களின் மேல் படுக்கவைத்து, வெடுக்கென்று மேலே இழுங்கள். எண் ஒரு கணம் பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ குதிக்கும். மூன்று பிக்கப்பும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் குதித்தால் அதன் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் போடுங்கள். நான்கு வயர் ஹம்பக்கரில் வெற்று வயர் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். ஒற்றைப் பின்னல் வயரும் உலோக மூடியும் உள்ள ஹம்பக்கரில் இப்படி மாற்றக் கூடாது. மூடியே ஹாட் ஆகி, கை பட்டாலே இரையும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால், இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் இரண்டாம் (பிரிட்ஜ், நடு), நான்காம் (நடு, நெக்) நிலைகளில் பேஸ் போய், தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

இரைச்சல் பற்றி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயிலில் கேட்கும் ஹம் அதுவும் அதன் மடங்குகளும்தான். கேவிட்டிக்குள் (கிட்டார் உடலில் வயர் இருக்கும் பள்ளம்) காப்பர் ஃபாயில் ஒட்டினால் ஹம் போய்விடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஃபாயில் தடுப்பது டிம்மர், எல்.இ.டி விளக்குகளிலிருந்து வரும் 'பஸ்' சத்தத்தின் ஒரு பகுதியை மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை மெல்லிய காப்பர் தடுக்காது. அதற்கு, நடு பிக்கப்பை எதிர்ச் சுற்று, எதிர்க் காந்தமாக வாங்குங்கள், நான்காம் நிலை அமைதியாகிவிடும், ஹம்பக்கரை ஸ்ப்ளிட் செய்தால் இரண்டாம் நிலையும்தான். ஸ்ப்ளிட் செய்தும் இரண்டாம் நிலையில் ஹம் வந்தால், மிஞ்சும் காயில் தவறானது என்று அர்த்தம். சேர்ந்த முனையை கிரவுண்டுக்குப் பதில் ஹாட்டுக்குக் கொடுத்தால் மற்ற காயில் மிஞ்சும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் பின் உடைந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் ஆம்பை மாட்டி, தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்தால் ஷாக் அடிக்கலாம். ஷாக் அடிக்கிறதென்று பிரிட்ஜ் கிரவுண்ட் வயரை வெட்டி விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். பழுது போர்டில் இருக்கிறது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மாட்டும் வேலை அரை நாள் போதும். பழைய இணைப்புகளை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாட் முதுகில் கிரவுண்ட் வயரைப் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் இரும்பு போதாது. சூடேறாமல் ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்துகொள்ளும். வயரை அசைத்தால் பெயரும். 40 முதல் 60 வாட், அகலமான நுனி, 60/40 ரோசின் ஈயம். முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, சூடு காட்டி, ஈயம் ஓடிப் பரவியதும் மூன்று நான்கு நொடிகளில் எடுத்துவிடுங்கள். முடித்ததும் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளி முனைக்கும் இடையே மல்டிமீட்டர் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைவது சரி. கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் மாறியிருக்கிறது.

உயரம் வைக்காமல் எந்தப் பிக்கப்பையும் தீர்ப்பு சொல்லாதீர்கள். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் போலுக்கும் நடுவே அளங்கள். முதலில் நெக் சிங்கிள் காயிலை வையுங்கள்: ஆறாம் தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதல் தந்திப் பக்கம் 2.0. இதைவிட நெருக்கினால் அல்னிகோ காந்தம் தந்தியை இழுத்து, தடித்த தந்தியில் 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேலே சுருதி அலையும். டியூனர் முள் நிலைக்காது. பிரிட்ஜ் ஹம்பக்கரை 2 மி.மீ-யில் தொடங்கி, சுத்தமான சத்தத்தில் நெக்கோடு சமமாகும்வரை கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள். நடுவை இரண்டுக்கும் இடையில் வையுங்கள்.

உண்மையில் இந்த உயரச் சோதனையை, புதுத் தந்தி மாட்டி, இப்போது இருக்கும் பிக்கப்பில் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை செய்துபாருங்கள். அதிலேயே திருப்தியாகி, பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. அப்படியும் மாற்றினால், கழற்றிய பிக்கப்பை ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு ஒரு கவரில் போட்டு, எந்த நிலை, எந்த நிற வயர் எங்கே இருந்தது, எத்தனை கே என்று எழுதி வைத்துவிடுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் கவரைத்தான்.